5513 மாதிரி டைவ் வாட்ச்: பழசாக்குவதா, பழைய முறையில் செய்வதா?

மேலூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டது, 28 ஜனவரி 2024

சீக்கோவின் என்.எச்.35 மிஷின், கேஸ், கறுப்பு டயல், பென்ஸ் முள் (பென்ஸ் கார் சின்னம் போல வட்டம் உள்ள மணி முள்) எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ரோலெக்ஸின் டைவ் வாட்ச்சான சப்மரைனர், 1960களில் வந்த 5513 மாடல் போல ஒன்று செய்ய ஆசை. டயலை டீத்தண்ணீரில் தோய்த்து, பெசல் இன்செர்ட்டை (கண்ணாடியைச் சுற்றித் திருகும் வளையத்தில் பதிக்கிற, எண்கள் உள்ள தகடு) பிளீச்சிங் தண்ணீரில் வெளுக்க வைத்து, கேஸை ஆணிகளோடு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் அறுபது வருஷப் பழசு வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

28 ஜனவரி, இரவு, என் பதில்

டயலைத் தண்ணீரில் போட வேண்டாம். ஓரத்தில் ஈரம் ஏறினால் பூச்சு உரியும், அடியில் இருக்கும் பித்தளை பச்சை பூக்கும். அது வேறுவகைக் கேடு, அறுபது வருஷப் பழசு அப்படி இருக்காது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

29 ஜனவரி

முதலில் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுங்கள். "1960களின் சப்மரைனர்" என்று ஒரே வாட்ச் கிடையாது. 5513 என்ற மாடல் 1962இல் வந்தது, 1980களின் கடைசிவரை ஓடியது. அதற்குள் அநேகமாக எல்லாமே மாறிவிட்டன. 1966, 67 வரை பளபளப்பான கறுப்பு டயலில் பொன்னிற எழுத்து. அப்புறம் மங்கிய கறுப்பில் வெள்ளை எழுத்து. ஆழத்தைச் சொல்லும் வரியில் முதலில் 200 மீட்டர் முன்னால், 660 அடி பின்னால் இருந்தது. 1970ஐ ஒட்டி அடி முன்னால் வந்தது. சாவிக்கு இரண்டு பக்கமும் காவலாக நிற்கும் கொம்புகள் 1959இல், 5513க்கு முந்திய 5512 மாடல் வந்தபோது, சதுரமாக இருந்தன. பிறகு கூராயின, 60களின் நடுவில் உருண்டையாயின.

கூர்க்கொம்புக் கேஸில் வெள்ளை எழுத்து டயலைப் போட்டு எவ்வளவு கறை ஏற்றினாலும், விஷயம் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அப்படி ஒரு வாட்ச் எந்த வருஷத்திலும் இருந்ததில்லை. நான் செய்துகொண்டிருப்பது 1965ஐ வைத்து: பொன்னெழுத்து, உருண்டைக் கொம்பு, தடித்த எண்கள் கொண்ட பெசல்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வாட்ச் 1965இல் கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படிச் செய்ய வேண்டும். அதே பொருள், அதே முறை, அதே அளவு. பழசாக்கும் வேலையைக் கட்டுகிறவர் கைக்கும் காலத்துக்கும் விட்டுவிட வேண்டும்.

3 பிப்ரவரி

கண்ணாடியில் பாதி வாட்ச் இருக்கிறது. உங்களிடம் இருப்பது சஃபையர் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஓரத்தில் நீலம் அடிக்கிறது. 5513க்குக் கடைசிவரை அக்ரிலிக்தான். டி19 என்று கேட்டால் கிடைக்கும் உயரமான வகை, பெசலுக்கு மேலே எழும்பி நிற்கும். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் டயலின் ஓரம் வளையும், நிமிடக் கோடுகள் நீண்டு மேலே ஏறி வரும். பழைய வாட்ச் என்று நம் கண் நம்புவதற்குப் பெரிய காரணம் அந்த வளைவுதான். டீத்தண்ணீர் அதைத் தராது. கீறல் விழுமே என்றால், விழட்டும். வெள்ளைப் பற்பசையை மெல்லிய துணியில் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் போய்விடும். சஃபையரில் கீறல் எளிதில் விழாது, ஆனால் மோதினால் சில்லாகும்.

ஒன்று கவனியுங்கள். சஃபையருக்கென்று கடைந்த கேஸில் டி19 உட்காராது. அக்ரிலிக்கை ஒரு உலோக வளையம் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், கேஸின் கழுத்து அதற்கேற்ப உயர்ந்திருக்க வேண்டும். இருக்கிற கேஸை லேத்தில் கொடுத்து மாற்றலாமா என்று கப்பலூர் சிட்கோவில் தெரிந்த ஒரு பட்டறையில் கேட்டேன். முடியும், ஆனால் கழுத்தின் சுவர் மெலிந்துவிடும் என்றார்கள். கேஸை மாற்றுவது மேல்.

4 பிப்ரவரி

மிஷினைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "ஸ்விஸ் இடிஏ போடாமல் சீக்கோ மிஷின் போட்டால் அசலா?" என்று.

5513இல் ஓடிய 1520 மிஷின் மணிக்கு 19,800 துடிப்பு, அதாவது செகண்டுக்கு ஐந்தரை. இடிஏ 2824 மணிக்கு 28,800, செகண்டுக்கு எட்டு. என்.எச்.35 மணிக்கு 21,600, செகண்டுக்கு ஆறு. செகண்ட் முள் நகரும் நடையைப் பார்க்கிறவருக்கு ஜப்பான் மிஷின்தான் பழைய ரோலெக்ஸுக்கு நெருக்கம். இடிஏவிலேயே 21,600 துடிப்பில் 2846 என்று ஒன்று இருந்தது, பழைய மாதிரி செய்கிறவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். காதில் வைத்துக் கேட்டாலும் வித்தியாசம் தெரியும். எட்டுத் துடிப்பு அவசரப்படுகிறது.

தேதியில்லாத டயலுக்கு அடியில் என்.எச்.35 போட்டால் ஒரு உறுத்தல் இருக்கும். சாவியை முதல் நிலைக்கு இழுத்தால் தேதி மாற்றும் நிலை காலியாக நிற்கும். தேதிச் சக்கரத்தைக் கழற்றினாலும் அந்த நிலை போகாது. என்.எச்.38 தேதியே இல்லாத மிஷின், அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கையில் இருப்பதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். வெளியே தெரியாத குறை, உங்கள் விரலுக்கு மட்டும் தெரியும்.

11 பிப்ரவரி

இன்று முழுக்க கேஸ் வேலை.

இப்போது விற்கிற கேஸ்கள் எல்லாவற்றிலும் கொம்புகள் தடித்திருக்கும், லக்கின் (பட்டை மாட்டும் கால்களின்) விளிம்பு மழுங்கியிருக்கும். பழைய கேஸில் லக்கின் வெளி விளிம்பு நெடுக ஒரு சரிவு வெட்டு ஓடும். கேஸின் நடுவில் மெல்லிய கோடாகத் தொடங்கி, நுனிக்குப் போகப் போக அகலும். மேல்முகத்தில் ஒரே திசையில் நுண்கோடு, சரிவிலும் பக்கத்திலும் கண்ணாடி போல மின்னல். இரண்டும் சந்திக்கும் இடம் கத்தி விளிம்பாக இருக்க வேண்டும்.

தெற்கு ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான நகைப் பட்டறை. அக்கா கல்யாணத்திலிருந்து பழக்கம். பட்டறை அண்ணன் கேஸைக் கையில் வாங்கி லென்ஸில் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "தம்பி, இதுல மினுக்கு வேணுமா, கோடு வேணுமா?" இரண்டும் வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்றேன். "அப்ப பஃப்ல போடக் கூடாது. பஃப் எல்லாத்தையும் உருட்டிரும்" என்றார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பல வருஷமாகப் புலம்புவதும் இதுதான். பழைய வாட்ச்களின் லக் மெலிந்து கிடப்பதற்குக் காரணம், சர்வீஸுக்குப் போன ஒவ்வொரு முறையும் பஃப் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தது.

அவர் சொல்லித் தந்த முறை: விளிம்பில் மார்க்கரால் கோடு இழுத்துவிட்டு, ஊசி அரத்தால் ஒரே திசையில் மட்டும் தள்ளி, மார்க்கர் மை சீராக மறையும்வரை போவது. அரத்தைத் திருப்பி இழுக்கக் கூடாது. 316எல் எஃகு தங்கம் போலக் கையோடு வராது, அழுத்தித் தேய்த்தால் மேல்பரப்பு இன்னும் கெட்டியாகிவிடும். மேல்முகக் கோட்டுக்கு, கண்ணாடித் தகட்டில் எமரி பேப்பரை ஒட்டி, கேஸைக் கவிழ்த்து ஒரே இழுப்பாக இழுப்பது. அவருடைய அரத்தைத் தொட விடவில்லை. "இரும்ப ராவுன அரத்த அப்புறம் தங்கத்துல வைக்க முடியாது." நியாயம். நேதாஜி ரோட்டில் எனக்கென்று ஒரு செட் வாங்கிக்கொண்டேன்.

12 பிப்ரவரி

நேற்று எழுத விட்டது: அரம் போடுவதற்கு முன் சாவிக் குழாயைக் கழற்றிவிடுங்கள், அல்லது டேப் சுற்றுங்கள். எஃகுத்தூள் மரையில் புகுந்தால் சாவி சரியாக இறங்காது. ஸ்பிரிங் பார் துளை அந்தக் காலத்தில் லக்கை ஊடுருவி வெளியே தெரியும். உங்கள் கேஸில் அது இருக்கிறது, நல்ல கேஸ்தான்.

25 பிப்ரவரி

திண்டுக்கல் நண்பர் கேட்கிறார்: "எல்லாம் அசலாகச் செய்துவிட்டு டயலில் ரோலெக்ஸ் பெயரையும் கிரீடத்தையும் போடாவிட்டால் என்ன பிரயோஜனம்?"

நான் போட மாட்டேன். விற்காவிட்டால் பரவாயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். வாட்ச் நம்மைவிட அதிக நாள் இருக்கும். நமக்குப் பிறகு பீரோவைத் திறக்கிற பேரன் அதை அசல் என்று நம்புவான், இன்னொருவர் தலையில் நம்பிக்கையோடு கட்டுவான். விற்றால், 1999ஆம் வருஷ வணிகக்குறிச் சட்டத்தின்படி அது சிறைக்குப் போகும் குற்றம். நான் செய்வது அந்த வாட்சின் கட்டுமானத்தைக் கற்றுக்கொள்வதற்கு. பெயர் கட்டுமானத்தில் சேராது.

இதை யோசிக்கும்போது வேறொன்றும் தட்டுப்பட்டது. 6 மணிக்குக் கீழே, டயலின் கடைசி ஓரத்தில், ஸ்விஸ் என்றும் டி<25 என்றும் சின்னதாக இருக்கும். 25 மில்லிகியூரிக்குக் குறைவாக ட்ரிட்டியம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என் டயலில் ட்ரிட்டியமும் இல்லை, அது ஸ்விஸும் இல்லை. பிறகு எதற்கு அந்த எழுத்து? அங்கே "மதுரை" என்று தமிழில் போடப் போகிறேன். அந்த ஓரத்தில் எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயல் மேல்நோக்கிச் சாய்ந்தது போலத் தெரியும்.

10 மார்ச்

லூம், அதாவது இருட்டில் ஒளிரும் பூச்சு பற்றி. ரேடியம், ட்ரிட்டியம், இப்போதைய சூப்பர் லூமிநோவா மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

60களின் தொடக்கம்வரை ரேடியம். அதன் அரை ஆயுள் 1,600 வருஷம். டயல் ஒளிராமல் போயிருந்தால் தீர்ந்தது உள்ளே இருக்கிற துத்தநாக சல்பைடுதான், ரேடியம் அப்படியே இருக்கிறது. பழைய டயல் கிடைத்தது என்று கத்தியால் சுரண்டாதீர்கள். தூள் மூக்கில் போவதுதான் ஆபத்து. இதைப் படிக்கிற எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ட்ரிட்டியம், அரை ஆயுள் 12.3 வருஷம். ஐம்பது வருஷத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மிஞ்சும். அதனால் 1965 வாட்ச் இன்று இருட்டில் ஒளிராது. பழுப்பு நிறம் வந்தது தனிக் கதை. லூமைக் குழைத்த பசையும் தூளும் வெயிலிலும் ஈரத்திலும் மாறியதால் வந்த நிறம் அது. டயலில் ஒரு குழைப்பு, முள்ளில் இன்னொன்று, ஆகவே இரண்டும் ஒரே நிறமாக இருப்பதே அபூர்வம். "பழைய ரேடியம் நிறம்" என்று விற்கிற ஆரஞ்சுத் தூளை டயல், முள், பெசல் முத்து (பெசலில் ஒளிரும் புள்ளி) என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அப்பினால் பொய் அங்கேயே வெளிப்படும். தவிர, நிறமி கலந்தால் ஒளியும் குறையும்.

நான் எடுத்தது நிறமி கலக்காத, பகலில் லேசான பச்சைமஞ்சள் தெரிகிற சி3 வகை சூப்பர் லூமிநோவா. நீலமாக ஒளிரும் வகையைத் தவிர்த்தேன், 1965இல் அந்த நீலம் கிடையாது. வைத்த விதம்தான் முக்கியம்: எண்ணெய்க் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்து, நடுவில் இறக்கி, ஓரத்துக்கு அதுவே பரவ விடுவது. சின்னதாக ஒரு குமிழ் நிற்கும். அச்சடித்த தட்டை லூமில் அந்த உயிர் வராது.

26 ஏப்ரல்

அழகர் ஆற்றில் இறங்கி முடிந்து, நேற்றுத்தான் கவரிங் பட்டறை திறந்தது. டயலை வாங்கி வந்துவிட்டேன். சந்தோஷத்தில் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னெழுத்து டயலில் பொன் மேலே இல்லை, அடியில் இருக்கிறது. பித்தளைத் தகட்டில் எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் லாக்கரால் மூடி, மீதியில் மின்முலாம் முறையில் கறுப்பு ஏற்றி, அப்புறம் லாக்கரை நீக்குவார்கள். மூடியிருந்த இடத்தில் உலோகம் அப்படியே திறந்திருக்கும். நாம் படிக்கிற எழுத்து அந்த உலோகம்தான். அதன்மேல் முழுக்கத் தெளிந்த லாக்கர். அதனால் நேராகப் பார்த்தால் எழுத்து சற்று அடங்கியிருக்கும், வெளிச்சம் சாய்வாக விழும்போது சட்டென்று பற்றிக்கொள்ளும். இப்போது விற்கிற டயல்களில் கறுப்பின்மேல் பொன் மை அச்சு. லென்ஸில் வைத்தால் எழுத்து மேடாகத் தெரியும், எந்தக் கோணத்திலும் ஒரே மஞ்சள்.

நான் செய்தது: சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் ஒட்டும் ஒளி உணர் ஃபிலிமைப் பித்தளைத் தகட்டில் ஒட்டி, எழுத்தும் நிமிடக் கோடும் மட்டும் மூடியிருக்கும்படி கழுவி, கவரிங் பட்டறையில் கறுப்பு நிக்கல் ஏற்றச் சொன்னேன். தகட்டைத் துலக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் கறுப்பு பிடிக்காது. நிமிடக் கோடுகள் முதலில் தடித்து வந்தன, ஃபிலிமின் ஓரம் வீங்கியதால். வரைபடத்தில் கோட்டை வேண்டியதைவிட மெலிதாக வரைந்து கொடுத்தபோது சரியாக வந்தது. கோடுகளைச் சுற்றி இணைக்கும் வளையம் போடவில்லை. அது 60களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது, 1965க்குத் தனித்தனிக் கோடுகள்தான்.

"மதுரை" வாசிக்க முடிகிறது. கடைசி "ரை"யின் ஐகாரச் சுழிதான் பயமாக இருந்தது, அடைபடாமல் வந்துவிட்டது.

கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும்: ஆழ வரி போடவில்லை. கேஸ் விற்றவர் 200 மீட்டர் என்றார். அதன் பிறகு நான் அரம் போட்டேன், கண்ணாடியை மாற்றினேன். சோதிக்காத ஆழத்தை எழுத மனம் வரவில்லை.

27 ஏப்ரல்

மேலூர் நண்பர்: "பெயரும் இல்லை, ஆழமும் இல்லை என்றால் டயல் மொட்டையாக இருக்காதா?" இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கையில் வைத்துப் பார்த்தேன். 12 மணி முக்கோணத்துக்குக் கீழே வெறுமை கண்ணில் படுகிறது. அதை நிரப்ப ஏதாவது சின்னம் வரையலாம் என்று தோன்றி, விட்டுவிட்டேன். வரைந்தால் அது பழைய வாட்சிலிருந்து விலகி என் கைவேலையாக மாறிவிடும். வெறுமையே இருக்கட்டும்.

19 மே

அக்னி நட்சத்திரத்தில் வாட்சை மூடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் மாற்றுக் கருத்து. வெப்பம் பிரச்சினை இல்லை, காற்றில் இருக்கிற ஈரம்தான் பிரச்சினை. ஐப்பசி அடைமழையில் மூடினால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே பூட்டப்படும். இங்கே மே மாத மதியக் காற்று அதைவிட வறண்டது. எப்போது மூடினாலும், டயலும் மிஷினும் போட்ட கேஸைப் பின்மூடி இல்லாமல் சிலிக்கா ஜெல் டப்பாவில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் மூடுங்கள். ரப்பர் வாஷருக்குச் சிலிகான் கிரீஸ், பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாட்சை 40, 45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்ப்பது. உட்பக்கம் பனி படர்ந்தால் ஈரம் இருக்கிறது. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்திலும் இதே வகைச் சோதனை இருக்கிறது. எங்கள் மொட்டைமாடியில் இந்த மாதம் தனியாகச் சூடாக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

2 ஜூன்

டவுன் ஹால் ரோட்டில் ஒரு பழைய வாட்ச் கடையில் அழுத்தச் சோதனைக் குழாய் இருக்கிறது. வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றை ஏற்றி, சற்று வைத்திருந்து, பிறகு தண்ணீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைப்பார்கள். உள்ளே காற்று புகுந்திருந்தால் இப்போது குமிழாக வெளியே வரும். என்னுடையதற்கு 3 பாரில் (ஏறத்தாழ 30 மீட்டர் தண்ணீரின் அழுத்தம்) குமிழ் வரவில்லை. 3 பார் தாங்கியது என்பது மழைக்கும் கைகழுவுவதற்கும் உள்ள தைரியம், அவ்வளவுதான். டைவ் வாட்ச் என்று சொல்ல ஐஎஸ்ஓ கேட்பது குறைந்தது 100 மீட்டர், அதையும் இருபத்தைந்து சதவீதம் கூட்டிச் சோதிக்க வேண்டும்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கம், மன்னார் வளைகுடாவில் நிஜமாகவே சிலிண்டர் கட்டி இறங்குகிறவர் இந்த மாதிரி வாட்சை நம்பக் கூடாது. பெசலும் ஒரு காரணம். 1965இன் பெசல் இரண்டு பக்கமும் சுழலும், கிளிக் கிடையாது, உராய்வில் மட்டும் நிற்கும். தட்டுப்பட்டு நகர்ந்தால் கழிந்த நேரத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். தண்ணீருக்கு அடியில் அது உயிர் விஷயம். பின்னாளில் ஒரே பக்கம் சுழலும் பெசல் வந்தது அதனால்தான். நமக்கு, கரையில் இருக்கிறவர்களுக்கு, பழையதே போதும், அதன் வழுக்கல் விரலுக்கு இதமாகவும் இருக்கிறது.

18 ஆகஸ்ட்

வேறொரு இழையில் "மும்பை டயல்" பற்றிச் சண்டை நடக்கிறது. இங்கேயும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பழைய ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட், எச்எம்டி வாட்ச்களின் டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்து, ஒட்டகம், விமானம், சிவப்பு, பச்சை என்று போட்டு இணையத்தில் விற்கிறார்கள். எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடு முள்ளோடு பொருந்தாது. வெளிநாட்டார் சிரிக்கிறார்கள். வாங்குகிறவரை ஏமாற்றி அசல் என்று விற்பது தப்புத்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் டயலுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் ஏமாற்றுவதற்காகப் பிறந்தது அல்ல. அப்பா காலத்தில் டயல் கறுத்துப் போனால் கடையில் கொடுத்துப் புதுசாக்கி வாங்குவார்கள். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. கறை படிந்ததற்கு அதிக விலை கொடுப்பார்கள் என்று அந்த மெக்கானிக்கிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். இழையின் தொடக்கத்தில் நான் சொன்ன கட்சி, புது வாட்சாகவே செய்யுங்கள் என்றது, அவருடைய பக்கத்தில் நிற்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குக் கிடைக்காதது அசல் டயலின் அளவும் எழுத்து வடிவமும். நமக்கு அவை படமாகக் கிடைக்கின்றன.

6 அக்டோபர்

உசிலம்பட்டிப் பக்கம் நண்பர் தோட்டத்துக் கிணற்றில் குளித்தோம். வாட்சைக் கழற்றவில்லை. படிக்கல்லிலிருந்து குதித்தது மற்றவர்கள்தான், நான் இறங்கித்தான் நீந்தினேன், குதிக்கும் அடி வேறு. சாயங்காலம் சொட்டுச் சோதனை செய்தேன், பனி இல்லை. கண்ணாடியில் கிணற்றுக் கல் உரசி ஒரு கீறல். இப்போதைக்குத் தேய்க்கப் போவதில்லை.

10 நவம்பர்

மேலூர் நண்பர் படம் போட்டிருக்கிறார். கேஸ் மாற்றி, அக்ரிலிக் போட்டு, மங்கிய கறுப்பு டயல், அடி முன்னால் வரும் வரி. 1970 வாட்சாக எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. லக் சரிவு என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது.

அவர் விடாமல் கேட்கிற ஒன்று: "பெசலையாவது வெளுக்க வைக்கலாமா?" ஜனவரியில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போது கொஞ்சம் தளர்கிறேன். அலுமினிய இன்செர்ட் கழற்றி மாட்டுகிற பொருள், விலையும் குறைவு. அதன் சாயம் வெயிலில் தானாகவே வெளுக்கக்கூடியது. இன்னொன்று வாங்கி அதில் செய்து பாருங்கள். நன்றாக நீர்த்த பிளீச்சிங் கரைசல், கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டு, நினைத்த நிறத்துக்குச் சற்று முன்னாலேயே எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். முத்தை முன்பே கழற்றிவிட வேண்டும். 40 என்ற எண்ணில் நான்கும் சுழியும் ஒட்டி நிற்கிற தடித்த வகை 60களுக்கானது. உங்கள் வருஷத்துக்கு மெலிந்த எண்களைத் தேடுங்கள். டயல், முள், கேஸ் மூன்றிலும் என் பழைய பதில்தான்.

12 நவம்பர்

முள் பற்றிக் கேட்ட திருமங்கலம் நண்பருக்கு: வந்த செட்டில் செகண்ட் முள் மட்டும் ஆடுகிறது என்றால் அது இடிஏ 2824க்கானது, துளை 0.25 மில்லிமீட்டர். என்.எச். மிஷினுக்கு 0.20 வேண்டும். சின்ன முள்ளும் பெரிய முள்ளும் இரண்டுக்கும் ஒரே அளவு, 1.50, 0.90, அவை உட்காரும். குழாயை நசுக்கி இறுக்கப் பார்க்காதீர்கள், சாய்ந்து மற்ற முள்ளில் உரசும். திருப்பி அனுப்பிவிட்டு 0.20 என்று எழுதிக் கேளுங்கள்.